நிமிடத்துக்குப் பதினைந்து மாற்றம்

நான் முதலில் எடுத்த பாட்டில் நாலே நாலு கார்டுகள்தான் (கார்டு என்பது சில ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும்படி விரல்களை வைக்கிற பிடி): ஜி, டி, இ மைனர், சி. கிட்டார் கற்கிற எவருக்கும் முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிற கார்டுகள். நாலும் தனித்தனியாக எனக்கு வந்துவிட்டன. விரலை வைத்து ஒவ்வொரு தந்தியாகத் தட்டிப் பார்த்தால் எதுவும் அடைக்காமல் சுத்தமாகக் கேட்டது. புதிதாகக் கற்பவர்களுக்கான எளிய பாட்டு என்று தேடினால் வருகிற பட்டியல்களில் எல்லாம் அந்தப் பாட்டு இருந்தது. அதனோடு மூன்று வாரம் மல்லுக்கட்டினேன். பல்லவியின் முதல் வரியைக்கூட நிற்காமல் வாசிக்க முடியவில்லை. விரல் நுனியில் தோல் உரிந்ததைவிட, எல்லோருக்கும் எளிதாக இருப்பது நமக்கு மட்டும் ஏன் வரவில்லை என்ற நினைப்புதான் அதிகம் வலித்தது.

கிட்டாரை ஆசையாக எடுத்த பலபேர் இந்த இடத்தில்தான் அதை அலமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிடுகிறார்கள். மும்பையில் எங்கள் சயான் கோலிவாடாவிலேயே அப்படி மூன்று கிட்டார்கள் எனக்குத் தெரியும். அதனால் எனக்கு வழி கிடைத்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அது ஜூலை மாதம், நல்ல மழை. எங்களுடையது ஒரு ரூம், ஒரு கிச்சன். அப்பா, அம்மா, அத்தை, நான். அப்பாவுக்கு ஊர் நாசரேத் பக்கம்; நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் மும்பைதான். ஆபீஸில் கூட வேலை பார்த்தவர் மாற்றலாகிப் போகும்போது தன் கிட்டாரை நாலாயிரம் ரூபாய்க்கு எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். வேலை முடிந்து வந்து, சாப்பிட்டு, பாயை விரிப்பதற்கு முன்னால் கிடைக்கிற முக்கால் மணி நேரம்தான் பயிற்சி. இரவில் சத்தம் போடக்கூடாது என்று, கிட்டாரின் உடலில் தந்திகள் வந்து முடிகிற பிரிட்ஜுக்குப் பக்கத்தில், தந்திகளுக்கு அடியில் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் ஒன்றைப் புதிதாக வாங்கிச் செருகிக்கொள்வேன். சத்தம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும், விரலுக்குப் பழக்கம் மட்டும் ஏறும். சுவருக்குச் சுவர் ஒட்டிய வீட்டில் இருப்பவர்கள் இதைச் செய்து பாருங்கள்.

எங்கள் சபையின் கொயருக்குக் கிட்டார் வாசிக்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். பகலில் ஏசி ரிப்பேர் வேலை, சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. ஒரு சனிக்கிழமை ஒத்திகை முடிந்ததும் அவரிடம் போய் நின்றேன். என் கையில்தான் ஏதோ தப்பு, விரல் வைக்கிற விதத்தைத் திருத்துவார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பார்க்கவே இல்லை. பாட்டைப் போடச் சொல்லிக் கேட்டார். கண்ணை வாட்சில் வைத்துக்கொண்டு காலால் தட்டினார்.

“தம்பி, பாட்டுல நாலு கார்டுன்னு எண்ணினே. நிமிஷத்துக்கு எத்தனை தடவை கை மாறணும்னு எண்ணினியா?”

எண்ணவில்லை. அவர் எண்ணிக் காட்டினார். பதினைந்து விநாடியில் முப்பது தட்டு, அப்படியென்றால் நிமிடத்துக்கு 120. அந்தப் பாட்டில் இரண்டு தட்டுக்கு ஒருமுறை கார்டு மாறுகிறது. 120-ஐ இரண்டால் வகுத்தால் 60. அதாவது ஒவ்வொரு விநாடியும் கை ஒரு கார்டை விட்டுவிட்டு இன்னொன்றில் போய் உட்கார்ந்தாக வேண்டும். அடுத்து என் போனில் ஒரு நிமிடம் வைத்தார். ஜி-யிலிருந்து சி-க்கு, சி-யிலிருந்து ஜி-க்கு என்று மாறிமாறிப் போகச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு அடி; கார்டு சுத்தமாகக் கேட்டால்தான் கணக்கில் சேரும். எனக்கு 14 வந்தது.

“பதினாலு வர்ற கைக்கு அறுபது கேக்குற பாட்டைக் குடுத்தா அது பாவம் என்ன பண்ணும்?” என்றார்.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது மனசு லேசாக இருந்தது. தப்பு என் கையில் இல்லை, பாட்டைத் தேர்ந்தெடுத்ததில் இருந்தது. தேர்ந்தெடுப்பதை ஒரே ராத்திரியில் சரிசெய்துவிடலாம்.

அந்தக் கணக்கை எவரும் போடலாம். பாட்டைக் கேட்டுக்கொண்டே பதினைந்து விநாடிக்குத் தாளத்தைத் தட்டி எண்ணி, நாலால் பெருக்கினால் வேகம். ஒரு கார்டு எத்தனை தட்டு நிற்கிறது என்று பார்த்து, வேகத்தை அதால் வகுத்தால் அந்தப் பாட்டு நிமிடத்துக்குக் கேட்கிற மாற்றம். கார்டு மாறுகிற இடம் காதுக்கே இன்னும் பிடிபடவில்லை என்றால் பாட்டில் அடித்தொனியில் ஒலிக்கிற பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். அது ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றில் போய் ஊன்றும்போது பெரும்பாலும் கார்டும் மாறியிருக்கும். உங்கள் கை தருகிற எண் பாட்டு கேட்கிற எண்ணைவிட ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். பயிற்சியில் கார்டு மட்டும்தான் மாற்றுகிறோம். பாட்டில் வலது கை தாளமும் வரியும் சேர்ந்துகொள்ளும்போது கொஞ்சம் கை இறங்கத்தான் செய்யும்.

ஜி.டி.பி. நகரில் ஹார்பர் லைன் லோக்கலில் ஏறி சி.எஸ்.எம்.டி. போகிறவன் நான். காலையில் காதில் பாட்டு, குடைப்பிடியில் விரலால் தட்டு. வடாலாவில் ஒரு பாட்டை எண்ணத் தொடங்கினால் சிவ்ரி, காட்டன் கிரீன் வருவதற்குள் முடிந்துவிடும். ஒரு பயணத்துக்கு ஐந்தாறு பாட்டு. சட்டைப்பையில் வைக்கிற சின்ன நோட்டில் பாட்டின் பெயர், வேகம், மாற்றம் என்று மூன்று பத்தி போட்டு எழுதிக்கொண்டே வந்தேன். மாதக் கடைசியில் நாற்பதுக்கு மேல் பாட்டுகள் சேர்ந்துவிட்டன. அதில் இருபது மாற்றத்துக்குக் கீழே இருந்தவை ஏழு. எளியவை என்று நான் நினைத்து எழுதியவற்றில் பாதி அந்த ஏழில் இல்லை. மிகக் கடினம் என்று ஒதுக்கிவைத்திருந்த பழைய மெதுப் பாட்டு ஒன்று அதில் இருந்தது.

இதற்கிடையில் கை எண்ணை ஏற்ற அண்ணன் ஒரு வழி காட்டினார். இதை மட்டும் விரல் விரலாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் முதல் மூன்று மாதத்தில் எனக்கு அதிகம் உதவியது இதுதான். தந்திகளை மெல்லியதிலிருந்து எண்ணுங்கள். ஃப்ரெட் என்பது கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி, அதற்குச் சற்று முன்னால் விரலை வைக்க வேண்டும். ஜி பிடிக்கும்போது மோதிரவிரலை இரண்டாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வையுங்கள், சுண்டுவிரலை முதல் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வையுங்கள். நடுவிரல் தடித்த ஆறாம் தந்தியில் மூன்றாம் ஃப்ரெட், சுட்டுவிரல் ஐந்தாம் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட். இது ஜி. இப்போது மோதிரவிரலையும் சுண்டுவிரலையும் தூக்கவே வேண்டாம். சுட்டுவிரல், நடுவிரல் இரண்டையும் மட்டும் அதே ஃப்ரெட்டில் மெல்லிய தந்திகளின் பக்கம் ஒரு தந்தி தள்ளி வைத்து, ஆறாம் தந்தியை விட்டுவிட்டு அடியுங்கள். சி வந்துவிட்டது. முழுக்க சி இல்லை, சி ஆட் நைன் என்பார்கள். சி-யோடு ஒரு டி ஸ்வரமும் சேர்ந்து ஒலிக்கும், பாட்டுக்கு அது அழகாகவே இருக்கும். டி-க்குப் போகும்போதும் மோதிரவிரல் இருந்த இடத்திலேயே இருக்கும். சுண்டுவிரல் எழுந்துவிட, சுட்டுவிரல் மூன்றாம் தந்திக்கும் நடுவிரல் முதல் தந்திக்கும் இரண்டாம் ஃப்ரெட்டில் போகும். மூன்று கார்டுக்கும் ஒரு விரல் அசையாமல் இருப்பதால் கைக்கு இருட்டிலும் வழி தெரிகிறது. இப்படிப் பழகியதில் இரண்டு வாரத்தில் 14 என்பது 31 ஆனது.

அந்தத் தெம்பில், ஆகஸ்டில் டோம்பிவிலியில் சித்தப்பா பேத்தியின் பிறந்தநாளுக்குக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனேன். ‘ஹேப்பி பர்த்டே’ பாட்டுக்கு ஜி, சி, டி மூன்றே கார்டு. கணக்குப் போட்டுப் பார்த்தபோது நிமிடத்துக்கு இருபது வாக்கில்தான் வந்தது. ஆனால் அங்கே கேக் முன்னால் நின்று வாசித்தபோது கடைசி வரியில் கை நின்றுவிட்டது. பிறகு உட்கார்ந்து வரியைப் பிரித்துப் பார்த்தேன். மூன்று தட்டுத் தாளம் அது. முதல் ‘பர்த்டே டு’ ஜி, ‘யூ’ டி. இரண்டாவது ‘பர்த்டே டு’ டி, ‘யூ’ ஜி. மூன்றாவது ‘பர்த்டே டியர்’ ஜி, குழந்தையின் பெயரில் சி. இதுவரை ஒவ்வொரு கார்டும் மூன்று தட்டோ அதற்கு மேலோ நிற்கிறது. கடைசியில் ‘பர்த்டே’ ஜி இரண்டு தட்டு, ‘டு’ டி ஒரே ஒரு தட்டு, உடனே ‘யூ’ ஜி. சராசரி என்னை ஏமாற்றிவிட்டது. அன்றிலிருந்து என் நோட்டில் நாலாவது பத்தி ஒன்று சேர்ந்தது: பாட்டில் மிக நெருக்கமான இடம் எது, அங்கே ஒரு கார்டு எத்தனை தட்டு நிற்கிறது. பாட்டை எடுக்கலாமா வேண்டாமா என்பதை அந்தப் பத்தியைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன்.

அதே பாட்டில் இன்னொரு பாடமும் இருந்தது. ‘ஹேப்பி’ என்ற தொடக்கச் சொல்லுக்குக் கார்டே கிடையாது. அது முதல் பலமான தட்டுக்கு முன்னால் வருகிற அரைகுறைத் தட்டு. ‘பர்த்’ என்ற இடத்தில்தான் முதல் ஜி விழ வேண்டும். நம் பாட்டுகளிலும் எடுப்பு தாளத்துக்குப் பிந்தியோ முந்தியோ வருவது நிறைய. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது வலது கையைத் தொடையில் தட்டி, எந்த எழுத்தில் முதல் பலமான தட்டு விழுகிறது என்று கண்டுபிடித்துவிட்டு, அதற்குப் பிறகு கிட்டாரை எடுப்பது நல்லது.

செப்டம்பரில் அண்ணன் எனக்கென்று ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்தார். “டிசம்பர்ல கேரல் ரவுண்ட்ஸுக்கு நீயும் வா, ‘சைலண்ட் நைட்’ மட்டும் உன் பொறுப்பு.” கேரல் ரவுண்ட்ஸ் என்றால் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீடு வீடாகப் போய்ப் பாடுவது. பாட்டுக்கு அதே ஜி, சி, டி-தான். ஆனால் இதில் முதல் ஜி பன்னிரண்டு தட்டு நிற்கிறது! ‘சைலண்ட் நைட், ஹோலி நைட்’ முழுவதும் கை அசைய வேண்டியதில்லை. ‘ஆல் இஸ் காம்’ டி ஆறு தட்டு, ‘ஆல் இஸ் பிரைட்’ ஜி ஆறு தட்டு. அடுத்த நாலு துண்டுக்கும் சி, ஜி, சி, ஜி, ஒவ்வொன்றும் ஆறு. ‘ஸ்லீப் இன் ஹெவன்லி’ டி ஆறு, ‘பீஸ்’ ஜி ஆறு. இதே வரி திரும்பி வருகிற கடைசி இடத்தில் மட்டும் ஜி மூன்று, டி மூன்று, பிறகு ஜி-யில் முடிவு. நிமிடத்துக்குத் தொண்ணூறு தட்டு வேகத்தில் பாடினால் பதினைந்து மாற்றம். மிக நெருக்கமான இடத்தில்கூட மூன்று தட்டு கிடைக்கிறது. என் 31-க்கு அது அகலமான சாலை.

இந்தப் பாட்டுக்கும் கிட்டாருக்கும் உள்ள உறவை அண்ணன்தான் சொன்னார். ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் பக்கத்தில் ஓபர்ன்டார்ஃப் என்ற ஊரில், 1818 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு இது முதன்முதலாகப் பாடப்பட்டபோது கிட்டாரை வைத்துத்தான் பாடினார்கள். வரிகளை எழுதிய ஜோசஃப் மோர் என்ற பாதிரியாரே கிட்டார் வாசித்தார். மெட்டு ஃபிரான்ஸ் குரூபருடையது. கிட்டாருக்காகவே பிறந்த பாட்டு கிட்டாரில் இவ்வளவு சுலபமாக உட்கார்வதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது!

இங்கே நம் பாட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் சபைகளில் இரண்டு வகைப் பாட்டு உண்டு. பாமாலை என்பது மேல்நாட்டு மெட்டில் தமிழ் வரி. கீர்த்தனை என்பது நம் ராகம், நம் தாளம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் தந்தவை. பாமாலையைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் மூன்று கார்டில் அடங்குகிற பாட்டு கிடைக்கும், ஏனென்றால் அந்த மெட்டுகள் கார்டுகளை மனசில் வைத்தே கட்டப்பட்டவை. கீர்த்தனை அப்படி அடங்காது. சில ராகங்கள் ஒத்துழைக்கும்: சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான் மேஜர் ஸ்கேல், நடபைரவியின் ஸ்வரங்கள்தான் மைனர். அந்த ராகங்களில் அமைந்த சினிமாப் பாட்டுகளுக்கும் ஜி, சி, டி மாதிரி சில தந்திகளை அழுத்தாமல் ஒலிக்கவிடுகிற இதே ஓபன் கார்டுகள் பொருந்திவிடும். ஆனால் பாட்டு வகுப்பில் முதல் நாளே ஆரம்பிக்கிற மாயாமாளவகௌளை கிட்டாரில் தொடக்கக்காரருக்கு உகந்தது இல்லை. அதன் சின்ன ரிஷபமும் சின்ன தைவதமும் ஜி, சி, டி-க்குள் வராது. ஒரு பாட்டுக்குக் கார்டு பொருந்தாமல் கசந்துகொண்டே இருந்தால், உங்கள் காதைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் அது என்ன ராகம் என்று பாட்டுத் தெரிந்த யாரிடமாவது கேளுங்கள். அந்தப் பாட்டைக் கார்டு இல்லாமல், ஒற்றைத் தந்தியில் மெட்டாக வாசிப்பதுதான் அழகு.

எங்கள் அத்தை அப்படிப் பாட்டுத் தெரிந்தவர். நாற்பது வருஷமாகக் கொயரில் இருக்கிறார். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பாமாலைப் பாட்டு ஒன்றை முனகிக்கொண்டிருந்தார். நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஜி அடித்தேன். அத்தை பாடுவதை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டினார். டி அடித்தேன். அதற்கும் தலையாட்டல்தான். பாட்டு ஒரு பக்கம் போக, கிட்டார் இன்னொரு பக்கம் போனது.

“ஏலே, நீ கீழ நிக்க, நான் மேல நிக்கேன்” என்றார் அத்தை.

எல்லாத் தந்திகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திச் சுருதியை ஏற்றுகிற கிளிப்பான கேப்போவை எடுத்து முதல் ஃப்ரெட்டில் மாட்டி, அதே ஜி வடிவத்தை அடித்தேன். அத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை, குரலை மட்டும் கொஞ்சம் கூட்டினார். விரல் காம்பை உருவுகிற வேகம்கூட அப்படியே இருந்தது. ஆனால் அறையில் இரண்டு ஒலி இல்லை, ஒன்றுதான் இருந்தது. இரண்டாவது சரணத்தில் சி வர வேண்டிய இடத்தில் நான் டி-க்குப் போய்விட்டேன். அத்தை அந்தச் சொல்லிலேயே நின்று, நான் சி-க்கு வரும்வரை இழுத்துக்கொண்டிருந்தார். நான் முழுசாக வாசித்த முதல் பாட்டு அதுதான்.

“அஞ்சரைக் கட்டைலே. ஆர்மோனியத்துல எனக்கு எப்பவும் அஞ்சரைதான்” என்றார் பிறகு.

கேப்போவைப் பற்றி எங்கெங்கோ படித்துக் குழம்பியிருந்த எனக்கு, கட்டைக் கணக்கு வந்ததும் எல்லாம் தெளிவானது. ஒரு கட்டை என்றால் சி, இரண்டு டி, மூன்று இ, நாலு எஃப், அஞ்சு ஜி, ஆறு ஏ, ஏழு பி. ஒன்றரை, இரண்டரை, நாலரை, அஞ்சரை, ஆறரை என்பவை நடுவில் உள்ள கறுப்புக் கட்டைகள். கேப்போவை ஒரு ஃப்ரெட் ஏற்றினால் சுருதி அடுத்த கட்டைக்குப் போகும், கறுப்போ வெள்ளையோ எது அடுத்ததோ அது. ஆக ஜி வடிவத்தைக் கேப்போ இல்லாமல் வாசித்தால் அஞ்சு கட்டை, முதல் ஃப்ரெட்டில் அஞ்சரை, இரண்டில் ஆறு, மூன்றில் ஆறரை, நாலில் ஏழு, ஐந்தில் மேல் ஒரு கட்டை. விரல் கற்றுக்கொண்டது ஒரே ஒரு குடும்பம்தான்: ஜி, சி, டி, இ மைனர். அதை வைத்து ஆறு சுருதிக்குப் பாடலாம். இரண்டு கட்டை, இரண்டரைக் கட்டையில் பாடுகிறவர்களுக்கு டி, ஜி, ஏ என்ற மூன்று வடிவங்கள் போதும். முன்னதற்குக் கேப்போ வேண்டாம், பின்னதற்கு முதல் ஃப்ரெட்.

சுருதியை எந்த இடத்தை வைத்து முடிவு செய்வது என்பதையும் அத்தைதான் சொன்னார். பாட்டின் தொடக்கத்தை வைத்து முடிவு செய்தால் நடுவில் தொண்டை மாட்டிக்கொள்ளும். பாட்டிலேயே உயரமான சொல்லை முதலில் பாடிப் பார்த்து, அது சிரமமில்லாமல் வருகிற கட்டையை எடுக்க வேண்டும். ‘சைலண்ட் நைட்’டில் அது முதல் ‘ஹெவன்லி’. பாட்டை நானே பாடும்போது இன்றும் அந்தச் சொல்லைப் பாடிப் பார்த்துவிட்டுத்தான் கேப்போவை மாட்டுகிறேன்.

இணையத்தில் கார்டு எடுத்து வாசிப்பவர்கள் கவனிக்க வேண்டியது இது. ஒரே பாட்டுக்கு மூன்று பக்கம் திறந்தால் மூன்று விதமாக இருக்கும். பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது ஒரே பாட்டு, வேறு வேறு சுருதி. சி, எஃப், ஜி, ஏ மைனர் என்று எழுதியிருந்தால் அதையே ஜி, சி, டி, இ மைனர் என்று மாற்றி எழுதிக்கொள்ளலாம். அசல் சுருதியே வேண்டும் என்றால் ஐந்தாம் ஃப்ரெட்டில் கேப்போ. எஃப் என்ற ஒரே ஒரு கார்டுக்குப் பயந்து எத்தனையோ நல்ல பாட்டுகளை நான் முதலில் தள்ளிவைத்திருந்தேன்! அதில் சுட்டுவிரலைக் குறுக்கே படுக்கவைத்து எல்லாத் தந்திகளையும் அழுத்த வேண்டும். அந்த பலம் வர மாதங்கள் ஆகும். மாற்ற வழியே இல்லாத இடத்தில் எஃப் மேஜர் செவன் பிடியுங்கள்: சுட்டுவிரல் இரண்டாம் தந்தியில் முதல் ஃப்ரெட், நடுவிரல் மூன்றாம் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட், மோதிரவிரல் நாலாம் தந்தியில் மூன்றாம் ஃப்ரெட், முதல் தந்தி சும்மா ஒலிக்கட்டும். பாதிப் பாட்டுகளுக்கு யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

எழுதியிருக்கிற கார்டு சரிதானா என்று பார்க்க ஒரு வழி: பல்லவி எந்தக் கார்டில் போய் முடிகிறது என்று பாருங்கள். அநேகமாக அதுதான் பாட்டின் வீடு. அதை அடித்து ஒலிக்க விட்டு, பல்லவியின் கடைசிச் சொல்லைப் பாடுங்கள். நிம்மதியாக இறங்கினால் பக்கம் நம்பகமானது. இறங்காமல் தொங்கிக்கொண்டிருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். இதையே கொஞ்சம் நீட்டினால் பக்கமே தேவைப்படாது. ஜி வீடு. சி வீட்டைவிட்டு வாசலுக்கு வந்த மாதிரி. டி அடித்தால் பாட்டு வீட்டுக்குத் திரும்பத் துடிக்கும். நன்றாகத் தெரிந்த பாட்டை ஜி-யில் வைத்துப் பாடத் தொடங்கி, கசக்கிற சொல்லில் நிறுத்தி, சி, டி இரண்டில் எது சேர்கிறது என்று பாருங்கள். இரண்டும் சேரவில்லை என்றால் இ மைனர். இப்படி நானே கண்டுபிடித்த பாட்டுகள் எனக்கு மறப்பதே இல்லை. பக்கத்தைப் பார்த்து வாசித்தவை மறந்துவிடுகின்றன.

கிட்டார் கற்கிற தமிழர் எல்லோருக்கும் இருக்கிற ஆசை எனக்கும் இருந்தது: 1982-இல் வந்த ‘இளைய நிலா பொழிகிறதே’ பாட்டின் தொடக்கக் கிட்டார். அந்த ஆசையை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் அது ஒவ்வொரு தந்தியாக விரலால் மீட்டுகிற வேலை. கார்டு தட்டுகிற பாட்டுகளோடு அதைச் சேர்த்து எண்ணக்கூடாது. சினிமாப் பாட்டில் தொடங்குகிறவர்கள் பல்லவியை மட்டும் எடுங்கள். கடினமான கார்டுகள் பெரும்பாலும் இடையிசையிலும் சரணத்தின் நடுவிலும்தான் இருக்கும். பல்லவியை மட்டும் இரண்டு முறை பாடி நிறுத்தினாலும் கேட்கிறவர்களுக்குப் பாட்டுக் கேட்ட நிறைவு இருக்கும்.

கிட்டாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மழைக்காலத்து மும்பைக் காற்றில் மரம் ஈரம் குடித்து உப்பும், தந்தி எழும்பும், துருவும் பிடிக்கும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே என் கிட்டாரில் கிட்டத்தட்ட நாலு மில்லிமீட்டர் இருந்தது. இரண்டரை இருந்தால் போதும். தோபி தலாவ் பக்கம் ஒரு ரிப்பேர்க்காரர் பிரிட்ஜில் தந்திகளைத் தாங்குகிற சேடில் பட்டையைத் தேய்த்து இறக்கி, மெல்லிய தந்தியும் போட்டுத் தந்தார். அதற்கு முந்தின நாள் 31 வந்த கைக்கு அன்று ராத்திரியே 37 வந்தது. ஒவ்வொரு முறையும் எடுத்தவுடன் சுருதி சேருங்கள், அதற்குப் போனே போதும். சுருதி சேராத கிட்டாரில் சரியான கார்டும் தப்பாகக் கேட்கும். நான் அதனால் இரண்டு நல்ல பாட்டுகளை ஆகாது என்று விட்டிருந்தேன்.

டிசம்பர் இரண்டாம் வாரம் கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கியது. கோலிவாடாவில் ஆரம்பித்து ஆன்டாப் ஹில் வரை, ராத்திரி பத்து மணிக்குள் எத்தனை வீடு முடியுமோ அத்தனை. முதல் இரண்டு வீட்டில் அத்தைதான் எடுத்தார். அஞ்சரை, முதல் ஃப்ரெட். மூன்றாவது வீடு நாலாம் மாடி. ஏறிவந்த மூச்சுவாங்கலில் அத்தை உட்கார்ந்துவிட, அந்த வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி தானாகவே பாட்டை எடுத்துவிட்டாள், நல்ல உயரத்தில். அண்ணன் வாயைத் திறக்காமல் என்னைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினார். ‘ஹோலி நைட்’ முடிவதற்குள் கேப்போ மூன்றாம் ஃப்ரெட்டுக்குப் போய்விட்டது, ‘ஆல் இஸ் காம்’ வரும்போது டி தயாராக இருந்தது. பாட்டு முடிந்து கேக்கும் டீயும் வந்தன.

இப்போது எனக்கு ஜி-சி 52 வருகிறது. நோட்டில் முப்பது மாற்றத்துக்குக் கீழே இருக்கிற பாட்டுகளை எல்லாம் வாசித்துவிட்டேன், முப்பத்தைந்தில் இருப்பவற்றில் கை வைத்திருக்கிறேன். ஜூலையில் எடுத்த அந்த நாலு கார்டுப் பாட்டு முதல் பக்கத்திலேயே, 60 என்ற எண்ணோடு இருக்கிறது.